ஜெர்மன் மூதாதையரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மன் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடுபவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே ஜெர்மனிப் பதிவுகளுக்குப் போய்விடுகிறார்கள். சொந்த ஊரின் பெயர் தெரியாமல் அங்கே போய்ப் பயனில்லை. பிறப்பு, திருமணம், இறப்பை அரசே பதியும் முறை நாடு முழுவதும் வந்தது 1876இல்தான். அதற்கு முன்பு பெரும்பாலும் அந்தந்த ஊர்த் தேவாலயப் பதிவேடுதான் கதி.

அந்த ஊர்ப்பெயரை அமெரிக்காவிலேயே தேடுங்கள். ஜெர்மன் பாதிரியார் எழுதிவைத்த திருமணப் பதிவு, கல்லறைக் கல், ஜெர்மன் மொழிப் பத்திரிகையில் வந்த இரங்கல் செய்தி என்று எதிலாவது இருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கில் 'பிரஷ்யா' என்றிருந்தால் உடனே அதன் தலைநகரான பெர்லின் பக்கம் போய்விடாதீர்கள். 1871க்கு முன்பு ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. பிரஷ்யா, பவேரியா, பாடன் எல்லாம் தனித்தனி அரசுகள். அந்தப் பிரஷ்யாவுக்குள் மேற்கே ரைன் நதிக்கரையும் அடக்கம்.

அடுத்த சிக்கல் பெயர். ஒரே வீட்டில் யோஹான் கியோர்க், யோஹான் பீட்டர், யோஹான் ஆடம் என்று அண்ணன் தம்பி மூவருக்கும் ஞானஸ்நானம் நடந்திருக்கும். கூப்பிடுவது கியோர்க், பீட்டர், ஆடம் என்றுதான். அமெரிக்காவில் 'ஜார்ஜ்' (கியோர்க்கின் ஆங்கில வடிவம்) ஆக வாழ்ந்தவரை 'யோஹான்' என்ற பதிவைப் பார்த்ததும் வேறு ஆள் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இன்னொன்றும் உண்டு: குழந்தை இறந்துபோனால் அடுத்த பிள்ளைக்கு அதே பெயரை வைப்பது வழக்கம். அதனால் பெயர் பொருந்திய முதல் பதிவோடு நிறுத்தாமல் அடக்கப் பதிவேட்டையும் புரட்டுங்கள். பழைய கையெழுத்தும் ஏமாற்றும். அதில் 'e' எழுத்து 'n' போலவே தெரியும்.

நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற கதையை தயவுசெய்து விட்டுவிடுங்கள். புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பட்டியலை வைத்துத்தான் அவர்கள் சரிபார்த்தார்கள். பெயரைப் பெரும்பாலும் குடும்பத்தினரே பின்னாளில் மாற்றிக்கொண்டார்கள். அந்தத் தீவு நிலையம் திறந்ததே 1892இல்தான்; 1850களில் வந்தவரை அங்கே தேடுவது வீண்.

கப்பல் பட்டியல் விஷயத்தில், ப்ரெமன் துறைமுகத்தின் பழைய பட்டியல்களில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. ஹாம்பர்க் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பெரும்பாலும் இருக்கின்றன. அவற்றில் பயணி கடைசியாக வசித்த ஊர் கிடைக்கும். அது பிறந்த ஊராகவே இருக்க வேண்டும் என்பதில்லை.