இரண்டு இலக்க எண்களைக் குச்சிக்கட்டுகளால் கற்பிப்பது: ஒன்று, இரண்டாம் வகுப்புக்கான செய்முறை

1 முதல் 100 வரை தடங்கலில்லாமல் சொல்லும் ஒரு குழந்தையிடம் 16 குச்சிகளைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணி முடித்ததும் தாளில் 16 என்று பெரிதாக எழுதி, 6-ஐ வட்டமிட்டு, “இந்த எண்ணுக்கு எந்தக் குச்சிகள்?” என்று கேளுங்கள். ஆறு குச்சிகளைத் தள்ளிக் காட்டும். அடுத்து 1-ஐ வட்டமிட்டு அதே கேள்வியைக் கேளுங்கள். பல குழந்தைகள் ஒரே ஒரு குச்சியை எடுத்துக் காட்டும். மீதி ஒன்பது குச்சிகள் எதிலும் சேராமல் கிடப்பது அதற்கு உறுத்தாது. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயிடம் பயின்ற கான்ஸ்டன்ஸ் காமி 1980களில் பலருக்கும் அறிமுகப்படுத்திய சோதனை இது. இதற்கு இரண்டு நிமிடம் போதும். இடமதிப்புப் பாடத்தைத் தொடங்கும் முன் ஒவ்வொரு குழந்தையிடமும் இதைச் செய்து, யார் ஒற்றைக் குச்சியைக் காட்டினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாடம் முடிந்த பிறகு மறுபடி இதையே கேட்க வேண்டும்.

‘பத்துகள், ஒன்றுகள்’ என்று கரும்பலகையில் கட்டம் போட்டு நிரப்பச் சொல்வதால் இந்தக் குறை தீராது. 34 என்றால் பத்துகள் 3, ஒன்றுகள் 4 என்று குழந்தை சரியாக எழுதிவிடும். இடது பக்க எண்ணை இடது கட்டத்தில் போட வேண்டும் என்பதை மட்டுமே அது பிடித்துக்கொண்டிருக்கும். பத்தைக் கட்டுவதும் பிரிப்பதும் குழந்தையின் கையாலேயே நடக்க வேண்டும். நீங்கள் கட்டிக் கொடுக்கும் கட்டு அதற்கு ஒரு தடித்த குச்சி, அவ்வளவுதான்.

தேவையானவை

இரண்டு குழந்தைகளுக்கு ஒரு பை. ஒரு பையில் 50 குச்சிகளும் 7 ரப்பர் பேண்டுகளும் இருக்கட்டும் (கட்டுகளுக்கு ஐந்து, அறுந்தால் மாற்ற இரண்டு). 30 பேர் உள்ள வகுப்புக்கு 15 பைகள், 750 குச்சிகள், 105 ரப்பர் பேண்டுகள் வேண்டும். தட்டையான ஐஸ் குச்சிகள்தான் சிறந்தவை: உருளாது, பிடிக்க வசதி, கட்டினால் நழுவாது. தீக்குச்சி வேண்டாம். அதன் முனை மருந்து ஒரு காரணம். பத்தைச் சேர்த்தாலும் ஆறு வயதுக் கைக்கு மிகச் சிறிய கட்டாகவே இருக்கும் என்பது இன்னொன்று. ஸ்ட்ரா உருண்டு மேசையிலிருந்து விழுந்துகொண்டே இருக்கும்.

ரப்பர் பேண்ட் சற்றுத் தளர்வாகவும் அகலமாகவும் இருக்கட்டும். இரண்டு சுற்றில் பிடிக்கும் அளவு சரி. மூன்று, நான்கு சுற்று தேவைப்பட்டால் பாதிக் குழந்தைகள் உங்களிடம் கட்டித் தரச் சொல்லி வரிசையில் நிற்பார்கள்.

அடுத்தது விரிப்பு. இரண்டு ஏ4 தாள்களை நெடுக்காக அருகருகே வைத்து நீளப் பக்கத்தில் ஒட்டுங்கள். இடது தாளின் தலையில் ‘பத்துகள்’, வலது தாளின் தலையில் ‘ஒன்றுகள்’. வலது தாளில் மட்டும் மேலே ஐந்து, கீழே ஐந்து என்று பத்துக் கட்டங்கள் வரையுங்கள். கட்டத்துக்கு ஒரு குச்சி. பத்தும் நிரம்பினால் கட்ட வேண்டிய நேரம் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். இரு பக்கத்துக்கும் வேறு வேறு வண்ணம் அடிக்க வேண்டாம். ‘நீலம் என்றால் பத்து’ என்று குழந்தை வண்ணத்தைப் பிடித்துக்கொண்டால், கறுப்பு மையில் அச்சிட்ட எண்ணைப் பார்க்கும்போது கைவிட்டுப் போகும்.

தொடங்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். 20 பொருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணி முடித்த குழந்தையிடம் “எத்தனை இருக்கு?” என்று கேட்டால், மறுபடி ஒன்றிலிருந்து எண்ணாமல் “இருபது” என்று சொல்ல வேண்டும். மறுபடி எண்ணத் தொடங்கும் குழந்தைக்கு இன்னும் ஓரிரு வாரம் பொருள்களை எண்ணும் பயிற்சியே போதும். அவசரப்பட்டுக் கட்டுக்குள் இழுக்க வேண்டாம்.

படி 1: குவியலை எண்ணுதல்

ஒவ்வொரு ஜோடிக்கும் 34 குச்சிகளைக் குவியலாகக் கொடுங்கள். பத்து என்ற பேச்சையே எடுக்காமல், “எத்தனை குச்சி? எண்ணிச் சொல்லுங்க” என்று மட்டும் சொல்லுங்கள். சிலர் 33 என்பார்கள், சிலர் 36. நடுவில் நீங்கள் ஏதாவது கேட்டால் எண்ணிக்கை விட்டுப்போகும். “இன்னொரு தடவை எண்ணுங்க” என்றதும் சலித்துக்கொள்வார்கள். அந்தச் சலிப்புதான் பாடத்தின் வாசல். “நடுவில் யாராவது கூப்பிட்டாலும் கணக்கு விட்டுப்போகாமல் இருக்க என்ன செய்யலாம்?” என்று கேளுங்கள். ஐந்தைந்தாக வைக்கலாம், பத்துப் பத்தாக வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். ஐந்து என்று வந்தாலும் ஒதுக்காமல் ஒரு முறை செய்து பார்க்க விடுங்கள்; பிறகு பத்துக்கு வாருங்கள்.

இங்கே ஒரு தேர்வு முக்கியம். முதல் எண்கள் 23-க்கும் 49-க்கும் இடையில் இருக்கட்டும். 11 முதல் 19 வரை சிறிய எண்கள் என்பதால் அவற்றில் தொடங்கத் தோன்றும். ஆனால் அங்கே ஒரே ஒரு கட்டுதான் இருக்கும். ‘1’ என்பது ஒரு கட்டா, ஒரு குச்சியா என்ற குழப்பம் அப்படியே நிற்கும். மூன்று கட்டு இருந்தால் 3 எதைக் குறிக்கிறது என்பதில் சந்தேகம் வராது.

படி 2: கட்டுதல்

ஒருவர் பத்து எண்ணிக் கட்ட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கட்டைப் பிரிக்காமல் விளிம்பைத் தொட்டு எண்ணிச் சரிபார்க்க வேண்டும். பிறகு வேலை மாறும். ஜோடிகள் எதிரெதிரே உட்காரக் கூடாது. எதிரே இருப்பவருக்கு விரிப்பு தலைகீழாகத் தெரியும், பத்துகள் வலப்பக்கம் போய்விடும். இருவரும் விரிப்பின் ஒரே பக்கத்தில் உட்காரட்டும். நீங்கள் வகுப்பைப் பார்த்து நின்று இரு கைகளிலும் குச்சிகளைத் தூக்கிக் காட்டினாலும் இதே சிக்கல்தான்; உங்கள் இடது அவர்களுக்கு வலது. பலகையில் ஒட்டிக் காட்டுங்கள்.

ஒன்பது அல்லது பதினொரு குச்சி உள்ள கட்டுதான் இந்த வாரத்தின் பெரிய தொல்லை. ஒரு கட்டில் ஒன்று குறைந்தால் பின்னால் வரும் எல்லாக் கணக்கும் தவறும். குழந்தையோ தன் யோசனைதான் தவறு என்று நினைத்துக்கொள்ளும். வலது தாளின் பத்துக் கட்டங்களிலும் வைத்து நிரப்பிய பிறகே அள்ளிக் கட்ட வேண்டும் என்று விதி வைத்தால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

படி 3: எழுதும் முன் சொல்லுதல்

இரண்டு மூன்று நாள் பென்சிலே வேண்டாம். விரிப்பில் வைத்து, “மூன்று பத்து, நான்கு ஒன்று, முப்பத்து நான்கு” என்று தொட்டுத் தொட்டுச் சொல்ல வேண்டும். பத்துகளைக் கட்டு கட்டாகத் தொட்டு “பத்து, இருபது, முப்பது” என்றும், தொடர்ந்து உதிரிகளை “முப்பத்து ஒன்று, முப்பத்து இரண்டு” என்றும் எண்ண வேண்டும். பல குழந்தைகள் முப்பதிலிருந்து உதிரிக்கு வரும்போது “நாற்பது, ஐம்பது” என்று ஓடிவிடுவார்கள். திருத்த வேண்டாம். அந்தக் குச்சியைக் கையில் கொடுத்து, “இது கட்டா, ஒற்றையா?” என்று கேட்டால் போதும்.

33 கட்டாயம் வரட்டும். “ரெண்டும் மூணுதானே, எந்த மூணு வேணும் உனக்கு?” என்று கேட்டால், குழந்தை இடதுகையால் கட்டுகளை இழுத்துக்கொள்ளும். அது புரிந்ததற்கான நல்ல அறிகுறி.

படி 4: அட்டைகளோடு எழுதுதல்

முப்பத்து நான்கு என்று கேட்டதும் 304 என்று எழுதும் குழந்தை கேட்டதை அப்படியே எழுதுகிறது: முப்பதுக்கு 30, நான்குக்கு 4. இதற்கு அடுக்கட்டை நல்ல மருந்து. 10, 20, 30 என 90 வரை எழுதிய அட்டைகள் 12 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம். 1 முதல் 9 வரை எழுதிய அட்டைகள் அதில் பாதி: 6 செ.மீ. அகலம், அதே உயரம். 30-இன் 3 இடது பாதியிலும் 0 வலது பாதியிலும் இருக்க வேண்டும். 4 அட்டையை அந்த 0-வின் மேல் வைத்தால் 34. எடுத்துவிட்டால் அடியில் 30 இருக்கும். குழந்தை இதைத் திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்கும், பார்க்க விடுங்கள். 3 என்பது உள்ளுக்குள் 30-தான் என்பதை அது தன் கையால் கண்டுபிடிக்கும் இடம் அது.

பூச்சியத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். மூன்று கட்டு மட்டும், உதிரி இல்லை. சிலர் வெறும் 3 என்று எழுதுவார்கள். பக்கத்து ஜோடிக்கு உதிரியாக மூன்று குச்சி மட்டும் கொடுங்கள். அவர்களும் 3 என்றுதான் எழுதுவார்கள். இரண்டு தாளையும் பலகையில் ஒட்டி, “எந்தத் தாள் யாருடையது?” என்று கேளுங்கள். பூச்சியம் எதற்கு என்பதற்கு வேறு விளக்கமே தேவையில்லை.

படி 5: கூட்டல்

27 + 15. முதலில் 27-ஐ விரிப்பில் வைத்து, 15-ஐக் கீழே தனியாக வைத்துக்கொண்டு, உதிரிகளைச் சேர்க்க வேண்டும். பத்துக் கட்டங்களும் நிரம்பி இரண்டு குச்சி வெளியே நிற்கும். நிரம்பிய பத்தைக் கட்டி இடது பக்கம் நகர்த்த வேண்டும். நான்கு கட்டு, இரண்டு உதிரி: 42. எழுதும்போது ‘மேலே 1’ போடுவது இந்தக் கட்டைத்தான் குறிக்கிறது. ஒருவர் குச்சியை நகர்த்தும் அதே நேரத்தில் மற்றவர் எழுத வேண்டும். செய்து முடித்துவிட்டுப் பிறகு எழுதினால் கைவேலையும் எழுத்தும் ஒட்டாமல் போய்விடும்.

படி 6: கழித்தல்

அதிக நாள் தேவைப்படுவது இதற்குத்தான். இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். 42 − 17 கொடுத்தால் முதல் தவறு விரிப்பிலேயே நடக்கும்: 42-ஐயும் 17-ஐயும் இரண்டையும் வைப்பார்கள். கழித்தலில் இருப்பது 42 மட்டும். 17 அதிலிருந்துதான் வர வேண்டும். 17-ஐ ஒரு சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து, “இவ்வளவு எடுத்து எனக்குக் கொடு” என்று கேளுங்கள்.

எழுதிய கணக்கில் 35 என்று விடை வந்தால், குழந்தை 7-இலிருந்து 2-ஐயும் 4-இலிருந்து 1-ஐயும் கழித்திருக்கிறது. பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது என்ற பழைய விதியைப் பிடித்துக்கொண்டதன் விளைவு இது. கவனக்குறைவு என்று திட்டினால் மாறாது. விரிப்பில் அந்தத் தவறே நடக்க முடியாது. ஏழு உதிரி கேட்கிறீர்கள், இருப்பது இரண்டு. குழந்தை உங்களைப் பார்க்கும். வாயைத் திறக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் கை ஒரு கட்டை நோக்கிப் போகும். ரப்பர் பேண்டைக் கழற்றி வலது பக்கம் கொட்டியதும் மூன்று கட்டும் பன்னிரண்டு உதிரியும் இருக்கும். ஏழு எடுத்தால் ஐந்து. ஒரு கட்டு எடுத்தால் இரண்டு. 25.

பிரித்தவுடன் நிறுத்தி, “இப்ப மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். 42 என்று எண்ணாமல் சொன்னால் பாடம் உள்ளே போய்விட்டது. எண்ணிப் பார்த்துச் சொன்னால் இன்னும் சில நாள் வேண்டும்.

அடுத்து 50 − 23. உதிரியே இல்லாத எண். எழுத்தில் 33 என்று வரும். குச்சியில் ஒரு கட்டைப் பிரித்தால் நான்கு கட்டும் பத்து உதிரியும், விடை 27. இந்த வகைக்கு நடுவே 45 − 12 போன்றவற்றையும் கலந்து கொடுங்கள். இல்லையென்றால் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்டைப் பிரிப்பது பழக்கமாகிவிடும். “உதிரி போதுமா?” என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் முதலில் வர வேண்டும்.

குச்சியை விடுவது எப்போது?

ஒரே நாளில் பறிக்க வேண்டாம். நிற்கும் கோடு பத்து, புள்ளி ஒன்று என்று நோட்டில் வரையப் பழக்குங்கள். பிரிக்கும்போது ஒரு கோட்டை அடித்துவிட்டுப் பத்துப் புள்ளிகளை ஐந்து, ஐந்தாக இரண்டு வரிசையில் போட வேண்டும். தாறுமாறாகப் போட்டால் ஒன்பதோ பதினொன்றோ ஆகிவிடும். அதன்பின் எண்கள் மட்டும். தடுமாறும் குழந்தை எப்போது கேட்டாலும் பை கிடைக்க வேண்டும்.

ஹங்கேரியில் பிறந்த கணிதக் கல்வியாளர் ஜோல்டான் டீனஸ் பரவலாக்கிய மரத்துண்டுகள் (ஒன்றுக்கு ஒரு சிறு துண்டு, பத்துக்கு ஒரு நீளத் துண்டு) உங்கள் பள்ளியில் இருந்தால், குச்சிக்குப் பிறகு அவற்றைக் கொடுங்கள். பத்தைக் குறிக்கும் நீளத் துண்டைப் பிரிக்க முடியாது, மாற்றிக்கொள்ளத்தான் முடியும். ஒரு நீளத் துண்டைக் கொடுத்துவிட்டு எட்டுச் சிறு துண்டுகளோடு திரும்பும் குழந்தைக்கு எதுவும் தவறாகத் தெரியாது.

வகுப்பு நேரம்

பொதுவாகப் பேச 10 நிமிடம், ஜோடி வேலைக்கு 15, எடுத்து வைக்க 5. ரப்பர் பேண்டை இழுத்து விட்டால் அன்றைக்குக் குச்சி இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். பை திரும்பி வரும்போது ஐந்து கட்டாக வர வேண்டும். எண்ணாமலே ஒரு பார்வையில் குறை தெரியும். எடுத்து வைப்பதும் ஒரு பயிற்சியாகிவிடும்.

இதோடு, பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளும் சுவரில் அருகருகே மாட்டிய இரண்டு உறைகளில் வலது உறையில் ஒரு குச்சி போடுங்கள். பத்தாம் நாள் கட்டி இடது உறைக்கு மாற்ற வேண்டும். 100-ஆம் நாள் பத்துக் கட்டுகளையும் சேர்த்து ஒரு பெரிய கட்டாகக் கட்டி, புதிதாக ஓர் உறையை இடது ஓரத்தில் மாட்டுங்கள். அன்றே, அந்தப் பெரிய கட்டிலிருந்து ஒரே ஒரு குச்சியை எடுத்துத் தரச் சொல்லுங்கள். பெரிய கட்டைப் பிரித்து, அதில் ஒரு சிறு கட்டைப் பிரித்து, ஒன்று எடுத்தால் ஒன்பது கட்டும் ஒன்பது உதிரியும் மீதம். மூன்று இலக்கக் கழித்தலில் வரிசையாகப் பூச்சியம் வரும்போது செய்ய வேண்டியதும் இதே இரண்டு பிரிப்புகள்தான்.