சிறுநீரகக் கல்: வலி வந்தால் என்ன செய்வது, திரும்ப வராமல் எப்படிப் பார்ப்பது

வன்னியில் ஒருவருக்குச் சிறுநீரகக் கல் என்றால் முதலில் பழி விழுவது கிணற்றின் மீதுதான். கேத்தலின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைப் படையைச் சுரண்டிக் காட்டி, "இதுதான் உள்ளேயும் கட்டுகிறது" என்பார்கள். கேத்தலில் படிவது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று. சிறுநீரகத்தில் வளரும் கற்களில் பெரும்பான்மை கல்சியம் ஒக்ஸலேற்று. இரண்டும் வேறு. தண்ணீரின் கடினத்தன்மைக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பு பற்றிய ஆய்வுகள் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆனால் குறைவாகத் தண்ணீர் குடிப்பவருக்குக் கல் வரும் வாய்ப்புக் கூடும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. நம்மவர்கள் எந்தத் தண்ணீர் என்று நாள்முழுக்க வாதாடுவார்கள். எவ்வளவு குடித்தோம் என்று மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை.

இந்தக் குறிப்பு முதன்முறை கல்வலி கண்டவருக்கும், அவருக்குப் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் வீட்டாருக்கும். வரிசையாகப் படியுங்கள். இப்போது வீட்டில் யாராவது வலியில் துடித்துக்கொண்டிருந்தால் நேரே இரண்டாம் படிக்குப் போங்கள்.

படி 1: கல்வலிதானா என்று பாருங்கள்

விலாவுக்குப் பின்புறம், கடைசி விலா எலும்புக்குக் கீழே ஒரு பக்கத்தில் வலி தொடங்கும். அங்கிருந்து அடிவயிற்றுக்கும் கவட்டுக்கும் இறங்கும். அலை அலையாக ஏறி இறங்கும். குமட்டலும் வாந்தியும் சேரும். சிறுநீர் சிவக்கலாம், அடிக்கடி முட்டலாம், எரியலாம்.

ஆளைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கல்வலிக்காரர் ஓரிடத்தில் இருக்க மாட்டார். கட்டிலில் படுப்பார், எழுவார், சுவரைப் பிடித்துக்கொண்டு குனிவார், முற்றத்தில் நாலு எட்டு நடப்பார், திரும்பி வந்து நிலத்தில் சுருண்டுகொள்வார். எந்தக் கோலத்திலும் சுகம் கிடைக்காது. அசைந்தால் வலி கூடுகிறது என்று ஆடாமல் அசையாமல் கிடப்பவரின் வயிறு வேறு கதை சொல்கிறது. குடல்வால் அழற்சி போன்றவை அப்படித்தான் படுக்க வைக்கும்.

கல் சிறுநீரகத்துக்குள் சும்மா கிடக்கும்போது பெரும்பாலும் வலிப்பதில்லை. சிறுநீர்க்குழாய்க்குள் இறங்கி வழியை அடைத்ததும், மேலே தேங்கும் சிறுநீர் சிறுநீரகத்தை வீங்கச் செய்கிறது. அந்த அழுத்தமே வலி. ஆகவே கல் சிறிதென்றால் வலியும் சிறிதாக இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

படி 2: வீட்டில் வைத்திருக்கக் கூடாதவர்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் கைமருந்து பார்க்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

- வலியோடு காய்ச்சல் அல்லது நடுக்கம். அடைபட்ட சிறுநீரில் கிருமி தொற்றியிருந்தால் சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். இந்தப் பட்டியலில் மிக முக்கியமானது இதுதான்.
- சிறுநீர் அறவே போகாமை.
- தண்ணீர்கூட நிற்காத வாந்தி, அல்லது மருந்துக்கும் அடங்காத வலி.
- கர்ப்பிணி, கர்ப்பமாக இருக்கலாம் என்ற ஐயமுள்ளவர்.
- ஒரே சிறுநீரகம் உள்ளவர், ஏற்கெனவே சிறுநீரக நோய்க்குக் கிளினிக் போகிறவர்.
- 60 வயதைத் தாண்டி முதன்முறை இப்படி வலி காண்பவர். அது கல்லாக இல்லாமல், வயிற்றிலுள்ள பெரிய இரத்தக்குழாயான பெருநாடியின் வீக்கமாகவும் இருக்கலாம்.
- விதையில் திடீரென்று கடும் வலி வந்த பையன்கள். விதை முறுக்கிக்கொண்டால் அதைக் காப்பாற்றக் கிடைப்பது சில மணி நேரம்தான். வெட்கத்தில் காலைவரை பொறுத்திருக்கக் கூடாது.

வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். காட்டோரக் கிராமமென்றால் பிரதான வீதியிலிருந்து எந்தக் குச்சொழுங்கை, அருகில் எந்தக் கோயில், எந்தப் பாடசாலை என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒருவர் டோர்ச்சோடு சந்தியில் நின்றால் நேரம் மிஞ்சும். வலியில் இருப்பவர் தானே மோட்டார் சைக்கிள் ஓட்டிப் போகக் கூடாது. அலை ஏறும்போது கை தானாக விட்டுவிடும்.

படி 3: வலியைக் குறையுங்கள்

கல்வலிக்கு நன்றாகக் கேட்பது டைக்ளோஃபெனாக் வகை மருந்து. வைத்தியசாலையில் ஊசியாகவோ, ஆசனவாயில் வைக்கும் குளிசையாகவோ தருவார்கள். வாந்தி எடுப்பவருக்கு வாயால் கொடுப்பதைவிட அதுவே பயன்படும். ஆனால் இந்த மருந்தைப் பார்மசியில் கேட்டு வாங்கி நீங்களாகவே போட்டுக்கொள்வதற்கு நம் ஊரில் இரண்டு பெரிய தடைகள் உண்டு.

ஒன்று, டெங்கு. காய்ச்சலும் உடல்வலியுமாக இருப்பவர் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் எடுத்தால் இரத்தக்கசிவு ஆபத்து கூடும். மழைக்காலத்தில் இடுப்பு நோகிறது என்பதற்காக எல்லாவற்றையும் கல்வலியாக்கிவிடாதீர்கள். வயலில் இறங்கி வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் தசைநோவும் வந்தால் எலிக்காய்ச்சலையும் நினைக்க வேண்டும்.

மற்றது, வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களின் சில பகுதிகளில் காணப்படும், காரணம் தெளிவாகாத நாட்பட்ட சிறுநீரக நோய். அது தொடக்கத்தில் வலியே தராது. தனக்கு இருப்பது தெரியாமலே ஒருவர் நடமாடுவார். ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை டைக்ளோஃபெனாக் இன்னும் கெடுக்கும். வயிற்றுப்புண், இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்களும் கேட்காமல் எடுக்கக் கூடாது.

ஆகவே வைத்தியரைக் காணும்வரை பாதுகாப்பானது பரசிற்றமோல். ஈரல் நோய் இல்லாத, 50 கிலோவுக்கு மேற்பட்ட வளர்ந்தவருக்கு 500 மில்லிகிராம் குளிசை இரண்டு. அடுத்தது ஆறு மணி நேரம் கழித்துத்தான். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் கூடாது. கூடவே சூட்டு ஒத்தடம் கொடுங்கள். போத்தலில் சுடுநீர் விட்டு, இறுக மூடி, துவாயில் சுற்றி விலாவில் வையுங்கள். சூடு உண்மையிலேயே வலியைத் தணிக்கும். தோல் வெந்துபோகாமல் இடைக்கிடை எடுத்துப் பாருங்கள்.

வலி நேரத்தில் செம்பு செம்பாகத் தண்ணீர் பருக்குவது நம் வீடுகளில் வழக்கம். "குடி, குடி, கல் அடித்துக்கொண்டு வெளியே வரும்" என்று மாமியார் முதல் பக்கத்து வளவு அண்ணர் வரை எல்லோரும் சொல்வார்கள். அப்படி வருவதில்லை. வழி அடைபட்டிருக்கும்போது அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் வாந்திதான் கூடும். தாகத்துக்கு மிடறு மிடறாகக் கொடுத்தால் போதும். தண்ணீருக்கு உரிய காலம் பிறகு வருகிறது.

படி 4: கல்லின் அளவையும் இடத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்

வலி நின்றுவிட்டது என்பதற்காக இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களே அதிகம். வலி நிற்பதும் கல் போவதும் ஒன்றல்ல. கல் அசையாமல் நின்று, வலியில்லாமலே சிறுநீரகத்தை மெல்லக் கெடுப்பதும் உண்டு.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தக் கிரியற்றினின் அளவு, ஸ்கான் ஆகியவை வழமையாகச் செய்யப்படுபவை. தேவையானால் சி.ரி. ஸ்கானுக்கு எழுதுவார்கள். கிரியற்றினின் அளவைக் கேட்டு உங்கள் கிளினிக் கொப்பியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் வேண்டும்.

5 மில்லிமீற்றருக்குக் குறைந்த கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளியேறும். சில நாளும் ஆகலாம், நான்கு வாரமும் ஆகலாம். 10 மில்லிமீற்றரைத் தாண்டியது தானாகப் போவது அரிது. அதிர்வலையால் உடைப்பதோ, குழாய் விட்டு எடுப்பதோ தேவைப்படும். இடைப்பட்ட அளவுக்கு டாம்சுலோசின் என்ற குளிசை தருவதுண்டு. அது சிறுநீர்க்குழாயைத் தளர்த்தும், இரத்த அழுத்தத்தையும் குறைக்கும். எழும்போது தலை சுற்றலாம் என்பதால் உழவு இயந்திரம் ஓட்டுபவர்கள் வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள்.

படி 5: கல்லைப் பிடியுங்கள்

பழைய தேநீர் வடி ஒன்றை இதற்கென்றே ஒதுக்குங்கள். கல் வரும்வரை ஒவ்வொரு முறையும் ஒரு பாத்திரத்தில் சிறுநீர் கழித்து அதை வடியில் ஊற்றுங்கள். பெரிய கல் ஒன்றை எதிர்பார்க்காதீர்கள். பலமுறை வருவது கடுகளவு கூட இராத கரும்பழுப்புத் துணுக்கு. விரலில் உருட்டினால் முள் முள்ளாக நெருடும். இவ்வளவு சிறியதா இந்தப் பாடு படுத்தியது என்று வீட்டில் எல்லோரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். பார்த்து முடிந்ததும் எறிந்துவிடாதீர்கள். கழுவி, உலரவிட்டு, மூடியுள்ள சிறு போத்தலில் போட்டு அடுத்த கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். எந்தக் கல் என்று பரிசோதிக்க முடிந்தால் பின்னால் சொல்லப்போகும் உணவு விஷயம் பாதி இலகுவாகிவிடும்.

யூரிக் அமிலக் கல் என்றால் மருந்தால் கரைக்கலாம். கல்சியம் ஒக்ஸலேற்றுக் கல்லைக் கரைக்கும் மருந்து கிடையாது. "எல்லாக் கல்லையும் கரைக்கும்" என்று விற்கப்படும் போத்தல்களுக்குக் காசைக் கொட்டுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: சிறுநீரை அளந்து பாருங்கள்

எந்தத் தடுப்பும் செய்யாவிட்டால், ஒருமுறை கல் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் அது திரும்ப வரும். தடுப்பு என்பதில் முதலிடம் தண்ணீருக்கு. ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து இரண்டரை லீற்றர் சிறுநீர் போக வேண்டும். நான் சொல்வது குடிக்கும் அளவை அல்ல, போகும் அளவை. சோளகம் அடிக்கும் மாதங்களில் குடிப்பதில் பெரும்பங்கு வியர்வையாகப் போய்விடும். கொழும்புக் கந்தோரில் மின்விசிறிக்குக் கீழே இருப்பவரின் மூன்று லீற்றர் கணக்கு, இரணைமடுவுக்குக் கீழே வரப்பில் நிற்பவருக்குப் பொருந்தாது.

வேலைநாள் ஒன்றில் இப்படி அளந்து பாருங்கள். காலை ஆறு மணிக்குப் போகும் சிறுநீரை விட்டுவிடுங்கள். அதற்குப் பின் அடுத்த நாள் காலை ஆறு மணிவரை போவதையெல்லாம் வெறுமையான சோடாப் போத்தல்களில் சேருங்கள். கடைசியாக அந்த ஆறு மணிச் சிறுநீரையும் சேர்க்க வேண்டும். இரண்டு லீற்றர் வரவில்லையென்றால் குடிப்பது போதாது. அளக்கக் கூச்சமாக இருந்தால் நிறத்தைப் பாருங்கள். வைக்கோலின் வெளிர் மஞ்சள் நல்லது, பிளேன்டீ நிறம் கூடாது.

வேலைக்குப் புறப்படுமுன் இரண்டு கிளாஸ், வெயிலில் மணிக்கொரு தடவை, படுக்கப் போகுமுன் ஒரு கிளாஸ் என்று பிரித்துக் குடியுங்கள். இரவில் ஒருமுறை எழ வேண்டி வந்தால் அப்போதும் அரைக் கிளாஸ். இரவில்தான் சிறுநீர் மிகவும் செறிகிறது.

பெண்களுக்கு இதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. வயலிலும் சந்தையிலும் தூரப் பஸ்ஸிலும் மலசலகூடம் இல்லையென்பதால் காலையிலிருந்தே வாயை நனைக்காமல் இருப்பார்கள். அறிவுரை சொல்லி இதைத் தீர்க்க முடியாது. வேலைத்தலத்தில் ஒரு மறைப்பாவது கட்டிக்கொடுக்க வேண்டும். வெளியே போகும் நாளில் வீடு திரும்பியதும் அந்தக் கடனை அடைக்கப் பாருங்கள்.

இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ தண்ணீரைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இந்தப் படியைப் பின்பற்றக் கூடாது. ஊரில் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிச் சுத்திகரித்த தண்ணீர் கிடைத்தால் அதையே குடியுங்கள், அதற்கு வேறு நியாயங்கள் உண்டு. ஆனால் ஆர்.ஓ. தண்ணீரை ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ் குடிப்பவருக்கும் கல் வரும்.

படி 7: சட்டியில் மாற்ற வேண்டியவை

உப்பிலிருந்து தொடங்குங்கள். உப்பு கூடினால் சிறுநீரில் கல்சியம் கூடும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் என்பது எல்லை. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம், அதாவது 400 கிராம் பக்கெட்டில் ஒன்றரை. கருவாடு, ஊறுகாய், அப்பளம், மிக்சர், சூப் கட்டி எல்லாவற்றிலும் இருக்கும் உப்பும் அந்தக் கணக்குக்குள் வரும். உங்கள் வீட்டில் எத்தனை பக்கெட் முடிகிறது என்று பாருங்கள்.

கல்சியத்தை நிறுத்தாதீர்கள். கல்சியக் கல் என்று கேட்டதும் பாலையும் தயிரையும் ஒதுக்குவது பிழை. சாப்பாட்டோடு போகும் கல்சியம் குடலிலேயே ஒக்ஸலேற்றைப் பிடித்து மலத்தோடு அனுப்பிவிடும். ஒக்ஸலேற்று மிகுந்த முளைக்கீரையை நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, தயிரோடு சாப்பிடுங்கள். நெத்தலியை முள்ளோடு தின்னலாம். கல்சியம் குளிசையை மட்டும் வைத்தியர் சொல்லாமல் எடுக்க வேண்டாம்.

கச்சானிலும் ஒக்ஸலேற்று உண்டு. முறிகண்டியில் பஸ் நிற்கும்போது கச்சான் வாங்காமல் ஏறுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கைப்பிடி தின்னுங்கள், சரையை முடித்துவிட்டு அடுத்ததைப் பிரிக்காதீர்கள். பிலிம்பிக்காய்ச் சாறும் காமரங்காய்ச் சாறும் அப்படியல்ல. கல் கரையும், சீனி குறையும் என்று நம்பிச் சாறு பிழிந்து குடித்தவர்களின் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த சம்பவங்கள் இலங்கையிலேயே பதிவாகியுள்ளன. அவற்றைத் தொட வேண்டாம். உயர்ந்த அளவு விற்றமின் சி குளிசையும் உடலில் ஒக்ஸலேற்றாக மாறும்.

தேசிக்காய் நல்லது. அதிலுள்ள சிற்றேற்று கல் சேர்வதைத் தடுக்கும். ஒன்றிரண்டு பழத்தின் சாற்றைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள். அதில் உப்பும் சீனியும் அள்ளிப் போட்டால் செய்த நன்மை போய்விடும். கள்ளும் பியரும் கல்லைத் தள்ளும் என்பது குடிப்பவர்கள் தங்களுக்காகச் செய்துகொண்ட வைத்தியம். வாழைத்தண்டு கறிக்கு நல்லது. நெருஞ்சி, சிறுபீளைக் கசாயம் குடிப்பவர்கள் கிரியற்றினின் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வைத்தியரிடமும் சொல்லிவிட்டுக் குடியுங்கள்.

படி 8: கிளினிக்கை விடாதீர்கள்

கல் போனபின் ஒருமுறை ஸ்கான் செய்து உறுதிப்படுத்துங்கள். பிறகு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை என்று வைத்தியர் சொல்வார். இளவயதில் வந்தவர், இரண்டு பக்கமும் கல் உள்ளவர், அடிக்கடி வருபவர் ஆகியோருக்கு மேலதிகப் பரிசோதனை தேவை.

சிகிச்சையின்போது சிலருக்குச் சிறுநீர்க்குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து அனுப்புவார்கள். அது நிரந்தரமானதல்ல. வலி இல்லை, அறுவடை நேரம், போக வர முடியாது என்று அதை மறந்துவிட்டால் அதன் மேலேயே கல் கட்டி, எடுப்பது பெரும்பாடாகிவிடும். அகற்றும் திகதியைக் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதி, வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி வையுங்கள். அந்தத் திகதியில் போக முடியாவிட்டால் முன்கூட்டியே வைத்தியசாலைக்கு அறிவித்து வேறு திகதி வாங்குங்கள்.