அரசு உதவித்தொகை கிடைக்குமா? முதலில் ரேஷன் அட்டையை எடுங்கள்

தமிழ்நாட்டில் நலத்திட்ட மனு போடுவதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: ஏழைக் குடும்பம் என்றால் எல்லாமே கிடைத்துவிடாது, ஒவ்வொரு திட்டத்துக்கும் வரம்பு வேறு. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். கல்லூரி மாணவிகளுக்கு மாத உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கு வருமானமே கேட்பதில்லை, மாணவி எந்தப் பள்ளியில் படித்தாள் என்றுதான் பார்ப்பார்கள்.

குடும்பம் என்று அதிகாரிகள் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் ரேஷன் அட்டையில் பெயர் உள்ளவர்களைத்தான். இங்கேதான் பலருக்குச் சிக்கல். கல்யாணமாகி வெளியூர் போன மகன் பெயர் இன்னும் அட்டையிலேயே இருக்கும், அவனிடம் கார் இருக்கும், அம்மாவின் மனு தள்ளுபடியாகும்! உண்மையிலேயே தனியாக இருப்பவர் பெயரை நீக்கிவிட்டு மனு போடுங்கள். சும்மா காகிதத்தில் மட்டும் பிரித்தால் நேரில் விசாரிக்க வரும்போது மாட்டிக்கொள்வீர்கள்.

மாதம் 1,000 ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை எடுத்துக்கொள்வோம். 2023ல் தொடங்கியபோது வைத்த விதிப்படி பெண்ணுக்கு 21 வயது நிறைந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள், நிலம் நன்செய் 5 ஏக்கருக்குள் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். மின்சாரக் கணக்கைத்தான் யாரும் பார்ப்பதில்லை: வீட்டுப் பயன்பாடு ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும், அதாவது இரண்டு மாத பில் சராசரியாக 600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. கடைசி ஆறு பில்லையும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள். கோடையில் ஏறினாலும் பரவாயில்லை, மொத்தம்தான் கணக்கு.

அப்புறம், இந்தத் தொகை யாருக்குக் கிடைக்காது என்று சொல்லும் விலக்குப் பட்டியல். என்னைக் கேட்டால் தகுதியைவிட இதைத்தான் முதலில் படிக்க வேண்டும். வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர், கார், டிராக்டர் வைத்திருப்பவர் என்று யாராவது ஒருவர் குடும்பத்தில் இருந்தாலே போதும், மனு நிற்காது. 2025ல் சிலவற்றைத் தளர்த்தினார்கள், அரசு மானியத்தில் வாகனம் வாங்கியவர்களுக்கு அப்படி ஒரு சலுகை கிடைத்தது. அதனால் பழைய பட்டியலை மட்டும் நம்பாமல் இ-சேவை மையத்தில் இப்போதைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேறு என்னென்ன திட்டம் இருக்கிறது என்று தேட மத்திய அரசின் மைஸ்கீம் தளம் உதவும். வயது, மாநிலம், வருமானம் கொடுத்தால் பொருந்தக்கூடியவற்றைக் காட்டும். சரி, அதில் ஒரு திட்டத்தின் பெயர் வந்தாலே பணம் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

உரிமைத் தொகை மனு தள்ளுபடியானால் காரணம் குறுஞ்செய்தியில் வரும், அதை அழிக்காதீர்கள். 30 நாளுக்குள் இ-சேவை மூலம் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம், அந்தக் காரணத்துக்கு நேராகப் பதில் சொல்லும் சான்றை மட்டும் இணைத்தால் போதும்.