மேக் மினிக்கு வெளி எஸ்.எஸ்.டி.யும் ஹப்பும்: முதலில் கேபிளைப் பாருங்கள்

என்னுடையது 2024இல் வந்த எம்4 சிப் மேக் மினி, ஆப்பிளின் குட்டி மேசைக் கணினி. உள்ளங்கையை விரித்து வைத்தால் கிட்டத்தட்ட மறைந்துவிடும் அளவு, ஒரு பக்கம் 12.7 செ.மீ. உள்ளே 256 ஜி.பி. இடம்தான். வீடியோ எடிட் செய்ய ஆரம்பித்த மூன்றாவது மாதமே இடம் போதவில்லை. வெளியே ஒரு எஸ்.எஸ்.டி.யும் (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான டிரைவ்), பழைய யூ.எஸ்.பி. சாமான்களைச் செருக ஒரு ஹப்பும் வாங்கினேன். இரண்டையும் சரியாக ஓட வைக்க இரண்டு வாரம் பிடித்தது. உங்களுக்கு ஒரு மாலையில் முடிய வேண்டும் என்பதற்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். விண்டோஸ் மினி பி.சி. வைத்திருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். மெனுக்களின் பெயர்தான் மாறும்.

1. எந்தத் துளை எவ்வளவு வேகம்?

எம்4 மேக் மினியின் முன்பக்கம் இரண்டு யூ.எஸ்.பி.-சி துளைகள் இருக்கின்றன. இரண்டும் நொடிக்கு 10 கிகாபிட். பின்பக்கம் இருக்கும் மூன்றும் தண்டர்போல்ட் 4, அதாவது அதே வடிவத் துளையில் இன்னும் வேகமான இணைப்பு, நொடிக்கு 40 கிகாபிட். (எம்4 ப்ரோ என்றால் பின்பக்கம் தண்டர்போல்ட் 5.) ஐந்தும் பார்வைக்கு ஒன்றுதான். யூ.எஸ்.பி.-சி என்பது துளையின் வடிவத்துக்கு வைத்த பெயர், வேகத்துக்கு அல்ல. இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பெட்டியில் கிகாபிட் என்று போடுவார்கள், நாம் கோப்பை அளப்பதோ பைட்டில். எட்டு பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். எனவே 10 கிகாபிட் என்றால் நடைமுறையில் நொடிக்குச் சுமார் 1,000 மெகாபைட், 5 கிகாபிட் என்றால் 400 சொச்சம். யூ.எஸ்.பி. 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 என்று மூன்று பெயரில் விற்பதும் அதே 5 கிகாபிட்தான். பெயரை விட்டுவிடுங்கள், எண்ணை மட்டும் தேடுங்கள்.

20 கிகாபிட் என்று போட்ட டிரைவ்கள் இருக்கின்றன, ஜென் 2x2 வகை. என் மேக் மினிக்கு அந்த வகை தெரியாது. செருகினால் 10க்கு இறங்கிவிடும். கூடுதல் விலை வீண். ஒன்று 10 வாங்குங்கள், இல்லையென்றால் நேரே 40க்குப் போங்கள்.

2. தயார் டிரைவா, கூடு தனியாகவா?

புகைப்படம், பாட்டு, ஆவணங்களைச் சேமிக்க மட்டும் என்றால் கடையில் கிடைக்கும் 10 கிகாபிட் எஸ்.எஸ்.டி. போதும். நேராக மூன்றாம் படிக்குப் போகலாம்.

வெளி டிரைவிலிருந்தே வீடியோ எடிட் செய்யப் போகிறீர்களா? அப்படியானால் எம்.2 எஸ்.எஸ்.டி. (மேல்கூடு இல்லாத மெல்லிய பலகை) ஒன்றும், அதைப் போட்டு மூடும் கூடு ஒன்றும் தனித்தனியாக வாங்குங்கள். நான் இந்த வழிக்காரன். நாளை பெரிய எஸ்.எஸ்.டி. வேண்டுமென்றால் கூடு அப்படியே இருக்கும், உள்ளே இருப்பதை மட்டும் மாற்றினால் போதும். யூ.எஸ்.பி.4 (40 கிகாபிட் வகை) கூடுகளில் ஏ.எஸ்.எம்.2464பி.டி. சிப் இருப்பதாகப் பார்த்து வாங்கினேன். பின்பக்கத் துளையில் நொடிக்கு 3,000 மெகாபைட்டுக்குக் குறையாமல் படிக்கிறது, 10 கிகாபிட் துளையில் செருகினாலும் வேகம் இறங்கி வேலை செய்கிறது. பழைய தண்டர்போல்ட் 3 கூடுகள் சில அப்படி இறங்கி வராது. முன்பக்கத் துளையில் செருகினால் டிரைவே தெரியாது.

எஸ்.எஸ்.டி. வாங்கும்போது மூன்று விஷயம். என்.வி.எம்.இ. என்ற வேகமான வகையா என்று பாருங்கள், எம்.2 வடிவத்திலேயே சாட்டா என்ற மெதுவான பழைய வகையும் உண்டு, அது இந்தக் கூட்டில் ஓடாது. அளவு 2280 (22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம்) என்றால் பெரும்பாலான கூடுகளில் உட்காரும். அப்புறம், உள்ளே இருக்கும் நினைவுச் சிப் டி.எல்.சி. வகையாக இருக்கட்டும். கியூ.எல்.சி. எஸ்.எஸ்.டி. முதலில் வேகமாக எழுதும்; பெரிய கோப்பை நிறுத்தாமல் எழுதினால், வேகமாக எழுத ஒதுக்கிய இடம் நிரம்பியதும் தடாலென்று இறங்கிவிடும். சேமித்து வைக்கப் பரவாயில்லை, எடிட்டிங்குக்கு வேண்டாம்.

பொருத்துவது ஐந்து நிமிட வேலை. எஸ்.எஸ்.டி.யைச் சாய்வாகச் செருகி, மெல்லக் கீழே அழுத்தி, மறுமுனையைப் பூட்டுங்கள். வெப்பத்தைக் கடத்தும் மெத்தை ஒன்று கூடவே வரும், ரப்பர் போல மெத்தென்று இருக்கும். அதன் இரண்டு பக்கமும் கண்ணாடி போன்ற மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். நகத்தால் ஓரத்தைக் கீறி இரண்டையும் உரித்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஒரு பக்கத்தை மறந்தாலும் சூடு அலுமினியக் கூட்டுக்குப் போகாது, எஸ்.எஸ்.டி. உள்ளேயே வெந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூடு தொட்டால் சுடுவது நல்லதுதான், சூடு வெளியே வருகிறது என்று பொருள்.

3. கேபிள்

இங்கேதான் நான் நான்கு நாள் மாட்டிக்கொண்டேன்.

முதலில் நான் வாங்கியது 10 கிகாபிட் டிரைவ். அதோடு வந்த கேபிள் மேசைக்குக் குட்டையாக இருந்தது, அதனால் போன் சார்ஜரோடு வந்த நீளமான யூ.எஸ்.பி.-சி கேபிளை எடுத்துச் செருகினேன். டிரைவ் உடனே திரையில் வந்தது, கோப்புகள் திறந்தன, எந்தக் குறையும் தெரியவில்லை. 180 ஜி.பி. வீடியோவை நகல் எடுக்கப் போட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று காட்டியது. டிரைவில்தான் கோளாறு என்று நினைத்தேன். அழித்து மறுபடி ஃபார்மட் செய்தேன், துளை மாற்றினேன், மேக்கை மறுதொடக்கம் செய்தேன். மாற்று டிரைவ் கேட்டு விற்றவருக்குக் கடிதம் கூட எழுதி வைத்துவிட்டேன்.

கடைசியில் விடை கிடைத்த இடம் கணினியிலேயே இருக்கிறது. ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு ஆப்பிள் மெனுவைத் திறந்தால் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" வரும். அதில் யூ.எஸ்.பி. பகுதியில் உங்கள் டிரைவின் பெயரைச் சொடுக்குங்கள். வேகம் என்ற வரியில் எனக்கு 480 மெகாபிட் என்று இருந்தது. அது யூ.எஸ்.பி. 2.0 வேகம், நடைமுறையில் நொடிக்கு 40 மெகாபைட் போல. போன் சார்ஜர் கேபிள்கள் பலவற்றில் மின்சாரத்துக்கும் யூ.எஸ்.பி. 2.0க்கும் மட்டுமே கம்பி இருக்கும். வேகமான தரவுக்கான கம்பிகளே உள்ளே இருக்காது. தொட்டி எவ்வளவு பெரிதானாலும் குழாய் விட்ட அளவுக்குத்தானே தண்ணீர் வரும்.

டிரைவோடு வந்த குட்டைக் கேபிளை எடுத்துச் செருகினேன். அதே வரியில் 10 கிகாபிட் என்று மாறியது. அதே 180 ஜி.பி. நான்கு நிமிடத்துக்குள் ஏறியது.

இரண்டு கேபிளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். சார்ஜர் கேபிள் மெலிதாக, சுருட்டினால் சுருண்டு கிடக்கும். வேகக் கேபிள் தடித்து, விறைப்பாக, வளைத்தால் எதிர்த்து நிற்கும். ஆனால் தடிமனை மட்டும் நம்பாதீர்கள், தலையில் 10 அல்லது 40 என்று எண் அச்சிட்ட கேபிளாக வாங்குங்கள். நான் வீட்டிலிருக்கும் வேகக் கேபிள்கள் எல்லாவற்றிலும் ஒரு சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன். புதிதாக எதைச் செருகினாலும் அந்த வேக வரியை ஒரு தடவை பாருங்கள், அரை நிமிடம்தான் ஆகும்.

4. ஃபார்மட்

ஃபார்மட் என்பது டிரைவில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை. மேக்கில் மட்டும் பயன்படுத்துவதென்றால் ஏ.பி.எஃப்.எஸ். விண்டோஸ் கணினிக்கும் எடுத்துப் போவதென்றால் எக்ஸ்ஃபேட். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். ஃபார்மட்டில் இருக்கும் டிரைவை மேக் படிக்கும், எழுதாது. ஃபோட்டோஸ் செயலியின் நூலகத்தை வெளியே வைப்பதாக இருந்தால் ஏ.பி.எஃப்.எஸ். அல்லது மேக்கின் பழைய ஃபார்மட்டான மேக் ஓ.எஸ். எக்ஸ்டெண்டட் வேண்டும், எக்ஸ்ஃபேட் ஆகாது. மேக்கிலேயே இருக்கும் டிஸ்க் யூட்டிலிட்டி செயலியில் வியூ மெனுவுக்குப் போய் எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொல்லி, மேலே இருக்கும் டிரைவையே தேர்ந்தெடுத்து அழியுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், முன்பே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

5. ஹப்

என் கருத்து ஒன்றே: எஸ்.எஸ்.டி. நேராகக் கணினியில், மற்றதெல்லாம் ஹப்பில்.

ஹப்பில் எத்தனை துளை இருந்தாலும், அது கணினியோடு பேசுவது ஒரே கேபிள் வழியாகத்தான். 10 கிகாபிட் ஹப் என்றால் அந்தப் பத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கீபோர்டு, மவுஸ், பிரிண்டருக்கு அது தாராளம். எஸ்.எஸ்.டி.யையும் கார்டு ரீடரையும் சேர்த்து வைத்து ஒரே நேரத்தில் நகல் எடுத்தால் இரண்டும் திணறும்.

மேக் மினிக்கு அடியில் தட்டு போல வைக்கும் ஹப்கள், உள்ளேயே எஸ்.எஸ்.டி. போட இடத்தோடு வருகின்றன. மேசை அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றில் பலவும் 10 கிகாபிட்தான், அதுவும் பங்கு போட்டுத்தான். வாங்குவதானால் இரண்டைப் பாருங்கள்: இந்த மேக் மினி காற்றை இழுப்பதும் விடுவதும் அடிப்பக்கம்தான், அது அடைபடக்கூடாது. பவர் பொத்தானும் அடியில் ஒரு மூலையில்தான் இருக்கிறது, விரல் போக வழி வேண்டும்.

நான் எடுத்தது தனி அடாப்டரோடு வந்த ஹப். அடாப்டர் இல்லாத ஹப் கணினியின் ஒரே துளையிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் எல்லாவற்றையும் ஓட்ட வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க் சேர்ந்தாலே சில சமயம் ஒன்றின் இணைப்பு அறுந்து போகும். கேபிள் கழற்றி மாட்டும்படி இருப்பது இன்னும் நல்லது. ஹப்பில் முதலில் கெடுவது கேபிள்தான்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்த இருவர் எழுதிக் கேட்டார்கள். ஒருவருக்கு, மேக் தூங்கி எழும்போதெல்லாம் டிரைவ் சரியாக வெளியேற்றப்படவில்லை என்ற எச்சரிக்கை வந்தது. ஹப்பிலிருந்து எடுத்து நேராகச் செருகச் சொன்னேன். சிஸ்டம் செட்டிங்ஸில் எனர்ஜி பகுதியில், ஹார்ட் டிஸ்குகளைத் தூங்க வைக்கும் தேர்வையும் அணைக்கச் சொன்னேன். இரண்டும் செய்தபின் நின்றுவிட்டது.

இன்னொருவருக்கு எஸ்.எஸ்.டி. ஓடும்போது மட்டும் வயர்லெஸ் மவுஸ் விட்டுவிட்டு நகர்ந்தது. மவுஸ் கெடவில்லை. யூ.எஸ்.பி. 3 ஓடும்போது எழும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விழுகிறது, மவுஸ் பேசுவதும் அதே அலைவரிசையில். இன்டெல் 2012இலேயே இதைச் சோதித்து அறிக்கை வெளியிட்டிருக்கிறது. மவுஸின் ரிசீவரை ஹப்பில் எஸ்.எஸ்.டி.க்குப் பக்கத்திலேயே செருகியிருந்தார். ஒரு சாதாரண யூ.எஸ்.பி. 2.0 நீட்டிப்புக் கேபிளில் போட்டு, ரிசீவரை மவுஸ் பேடுக்கு அருகே கொண்டுவந்ததும் சரியாகிவிட்டது.