சுப்பீரியர் ஏரிப் பூங்காக்களுக்கு உருப்படியாக உதவுவது எப்படி

மினியாபொலிஸிலிருந்தோ சிகாகோவிலிருந்தோ காரை எடுத்துக்கொண்டு லேக் சுப்பீரியர் பக்கம் போய்வந்த நண்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள், "எவ்வளவு அழகு, இதற்கு ஏதாவது செய்யணும்" என்று. அப்புறம் ஒன்றும் செய்யமாட்டார்கள், இல்லையென்றால் போனில் கண்ணில் பட்ட முதல் பட்டனை அமுக்கி 50 டாலரை அனுப்பிவிட்டு மறந்துவிடுவார்கள். நான் இரண்டாவது ரகம். ஒரு பெரிய பொது நிதிக்கு அனுப்பினேன், எந்தப் பூங்காவுக்கு என்று எழுதவில்லை, அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தப்பு என்னுடையதுதான்.

முதலில் இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஏரியின் பரப்பு ஏறக்குறைய 82,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதியைவிட அதிகம். அதன் அமெரிக்கக் கரையில் தேசியப் பூங்காத் துறையின் கீழ் ஐந்து இடங்கள் இருக்கின்றன. மிச்சிகனில் ஐல் ராயல் தீவு, பிக்சர்ட் ராக்ஸ் பாறைக்கரை, கீவினா செம்புச் சுரங்கப் பகுதி. விஸ்கான்சினில் அப்போஸ்தல் தீவுகள். மினசோட்டாவில் கிராண்ட் போர்ட்டேஜ். இந்த ஐந்துக்கும் சேர்த்து நிதி திரட்டுவதற்கென்றே நேஷனல் பார்க்ஸ் ஆஃப் லேக் சுப்பீரியர் பவுண்டேஷன் என்று ஒரு தொண்டு நிறுவனம் இருக்கிறது. தனித்தனிப் பூங்காக்களுக்கு 'பிரெண்ட்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்ட சின்னக் குழுக்களும் உண்டு.

அரசாங்கப் பூங்காவுக்கு அரசாங்கம்தானே செலவு செய்யணும், நாம் எதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஐல் ராயல் ஓநாய்க் கதையைக் கேட்டால் புரியும். 1940-களின் கடைசியில் பனி உறைந்த ஏரியின்மேல் நடந்து அந்தத் தீவுக்கு வந்தவை ஓநாய்கள், அவற்றுக்கும் அவற்றின் இரையான மூஸ் என்கிற பெரிய மான்களுக்கும் நடக்கும் கணக்கை 1958-லிருந்து விடாமல் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். 2018-இல் மிஞ்சியது இரண்டே ஓநாய், மூஸ்கள் பெருகி மரக்கன்றுகளை மொட்டையடித்துக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து ஓநாய் கொண்டுவந்து விடுவது என்று பூங்காத் துறை முடிவெடுத்தது. முதலில் கொண்டுவந்த ஓநாய்களில் ஒன்று, ஜனவரியில் ஏரி உறைந்ததும், எனக்கு இந்த ஊர் சரிப்படாது என்பதுபோல பனிமேல் நடந்தே கரைக்குத் திரும்பிவிட்டது. அதே சமயம் கனடாப் பக்கம் மிச்சிபிகோட்டன் தீவில், அங்கிருந்த கரிபு மான்களில் பெரும்பாலானவற்றைத் தின்றுவிட்டு இரையில்லாமல் சில ஓநாய்கள் கிடந்தன. பனிக்காலம் முடிவதற்குள் பிடித்து விமானத்தில் ஏற்றியாக வேண்டும். இப்படி அவசரத்துக்கு அரசு பட்ஜெட் வளைந்து கொடுக்காது. 2019 மார்ச்சில் அந்த வேலைக்கு இந்த பவுண்டேஷனும் சர்வதேச ஓநாய் மையமும் பணம் கொடுத்தன. 2018 செப்டம்பரிலிருந்து 2019 செப்டம்பருக்குள் மொத்தம் 19 ஓநாய்கள் தீவுக்கு வந்தன, அதன்பின் அங்கேயே குட்டி போட்டுப் பெருகின. நம் பணத்துக்கான இடம் இந்த மாதிரி இடைவெளிகள்தான். சம்பளம், ரோடு, கழிப்பறை எல்லாம் அரசு பார்க்கட்டும்.

சரி, பணம் கொடுப்பதென்றால் எப்படி? மூன்று விஷயம் போதும். அந்த அமைப்பு 501(சி)(3), அதாவது வரிவிலக்குள்ள தொண்டு நிறுவனம் என்ற அந்தஸ்து உள்ளதா என்று வருமான வரித் துறையான ஐஆர்எஸ் தளத்தில் பெயரைப் போட்டுத் தேடுங்கள், அவர்கள் வருடாவருடம் கணக்குக் காட்டும் படிவம் 990-ஐ எடுத்து எதற்குச் செலவழித்தார்கள் என்று ஒரு தடவை புரட்டுங்கள், ரொம்பச் சின்னக் குழு என்றால் அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது, அதனால் சந்தேகப்பட வேண்டாம். அடுத்து, எந்த வேலைக்கு என்று குறிப்புப் பெட்டியில் எழுதுங்கள், 'அப்போஸ்தல் கலங்கரை விளக்கப் பராமரிப்புக்கு' என்பதுபோல. எழுதுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போட்டு இப்போது எதற்குப் பணம் தேவைப்படுகிறது என்று கேட்டுவிட்டால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஏற்கனவே பணம் சேர்ந்துவிட்ட வேலைக்கு நாம் முத்திரை குத்தி அனுப்பினால் அவர்களுக்குத்தான் தலைவலி. கடைசியாக, நம்மவர்களில் பாதிப் பேர் ஐடி கம்பெனியில் இருந்துகொண்டு செய்யாமல் விடுவது: கம்பெனியின் மேட்சிங். பெரிய கம்பெனிகள் பலவும் நீங்கள் கொடுப்பதற்குச் சமமாகக் கொடுக்கும், சில கம்பெனிகள் நீங்கள் தன்னார்வ வேலை செய்த மணிக்கணக்குக்கும் கொடுக்கும். படிவம் நிரப்ப ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தைத் தள்ளிப்போட்டே டிசம்பரைத் தாண்டவிட்டவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும்.

நேரில் போய் வேலை செய்ய ஆசையா? அதற்கு ஆரம்பிக்க வேண்டிய இடம் வாலன்டியர் டாட் கவ் தளம், ஆரம்பிக்க வேண்டிய காலம் குளிர்காலம். ஜூனில் போய்க் கேட்டால் நல்ல இடமெல்லாம் போயிருக்கும். விசாவில் இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் முன்னாலேயே அந்தப் பூங்காவின் தன்னார்வலர் ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள், எல்லா விசாவுக்கும் ஒரே விதி இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். 250 மணிநேரம் முடித்தால் எல்லா தேசியப் பூங்காக்களுக்கும் ஒரு வருட இலவச பாஸ் கிடைக்கும், ஆனால் பாஸுக்காக யாரும் அவ்வளவு வேலை செய்வதில்லை.

என்ன வேலை என்பதில்தான் பலருக்கும் ஏமாற்றம். ஓநாயைத் தடவிக் கொடுக்கலாம் என்று போனால் களை பிடுங்கச் சொல்வார்கள். பிக்சர்ட் ராக்ஸில் கிராண்ட் சேபிள் மணல்மேடுகள் இருக்கின்றன, அங்கே நாப்வீட் என்கிற வெளிநாட்டுக் களை பரவிக் கிடக்கிறது. வேரோடு பிடுங்க வேண்டும், மேலே மட்டும் ஒடித்தால் திரும்பத் தழைக்கும். அந்த மணலிலேயே பிட்சர்ஸ் திசில் என்று சாம்பல் பச்சையில் ஒரு முட்செடியும் வளர்கிறது. அது ஐந்தாறு வருடம், சில சமயம் எட்டு வருடம்கூட, வெறும் இலையாக இருந்து, ஒரே ஒரு தடவை பூத்து விதை போட்டு, செத்துப்போகும். சட்டப் பாதுகாப்பு உள்ள செடி. பூக்காத காலத்தில் பார்த்தால் புதியவருக்கு அதுவும் ஒரு களைதான். அதனால் காலையில் காட்டித் தருபவர் சொல்வதை இரண்டு தடவை கேட்டுக்கொண்டு, சந்தேகம் வந்தால் கையை எடுத்துவிடுங்கள், ஆர்வக்கோளாறில் ஆறு வருட உழைப்பைப் பிடுங்கிவிடாதீர்கள்.

அப்போஸ்தல் தீவுகளில் வேலை வேறு மாதிரி. 21 தீவுகள் கொண்ட அந்தப் பூங்காவில் இருக்கும் அளவுக்குக் கலங்கரை விளக்கங்கள் வேறு எந்த அமெரிக்க தேசியப் பூங்காவிலும் இல்லை. ராஸ்பெரி தீவின் கலங்கரை விளக்கம் 1863-இல் ஏற்றப்பட்டது. கோடையில் தன்னார்வலர்கள் சில தீவுகளில் போய்த் தங்கி, புல் வெட்டி, வருகிறவர்களுக்குக் கோபுரத்தைச் சுற்றிக் காட்டுவார்கள். கடை கிடையாது, அரிசி பருப்பிலிருந்து எல்லாம் படகில் போகணும், காற்று அடித்தால் படகு வராது, ஆகவே இரண்டு மூன்று நாள் சாப்பாடு கூடுதலாக வையுங்கள். மரவேலை தெரிந்தவர் என்றால் மதிப்பு அதிகம், ஆனால் நம் ஊர் ஆசாரி பாணியில் 'எல்லாத்தையும் கழற்றிப் போட்டு புதுசா அடிச்சிடலாம்' என்று சொல்லிவிடாதீர்கள். பாரம்பரியக் கட்டடத்தில் உளுத்த துண்டை மட்டும் வெட்டி எடுத்து, அதே வகை மரத்தை ஒட்டுப் போடுவதுதான் முறை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், பூங்காக்காரர்கள் சொல்லாமல் சுரண்டக் கூடாது.

நடக்கத் தெம்பு இருந்தால் ஐல் ராயலில் மூஸ்வாட்ச். ஒரு வாரம் போலக் கூடாரத்தை முதுகில் சுமந்து, பாதையே இல்லாத காட்டில் செத்த மூஸ்களின் எலும்பைத் தேடுவது. நீங்களே காசு கட்டித்தான் போக வேண்டும், அந்தக் காசு மேலே சொன்ன ஓநாய்-மூஸ் ஆராய்ச்சிக்குப் போகும். கொசுவைப் பற்றி எச்சரித்துவிட்டேன்.

காடு ஒத்துவராதவர்களுக்குக் கீவினா இருக்கிறது. 1992-இல் உருவான அந்தப் பூங்காவில் பாதி வேலை காகிதமும் கட்டடமும்தான், செம்புச் சுரங்கத்துக்காக பின்லாந்து, கார்ன்வால், இத்தாலி, குரோஷியா என்று வந்திறங்கியவர்களின் படங்கள், ஆவணங்கள், தேவாலயங்கள். பெரும்பாலான சொத்து தனியார் கையிலும் உள்ளூர்ச் சங்கங்களின் கையிலும் இருப்பதால் அங்குள்ள சின்ன அருங்காட்சியகத்துக்கு நேரடியாகக் கொடுப்பதுகூட பூங்காவுக்குக் கொடுத்த மாதிரிதான். போனால் பேஸ்டி சாப்பிடுங்கள், நம் பேக்கரி பப்ஸுக்குப் பெரியண்ணன். கிராண்ட் போர்ட்டேஜ் கதையே வேறு, அந்த நிலம் ஓஜிப்வே என்கிற பூர்வகுடி மக்கள் கொடுத்தது, அவர்களே பூங்காத் துறையோடு சேர்ந்து நிர்வகிக்கிறார்கள், அங்கே உதவ நினைத்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள்.

இதெல்லாம் முடியாது, சும்மா சுற்றிப் பார்க்கத்தான் போகிறோம் என்றாலும் செய்ய வேண்டியது உண்டு. பாதை தொடங்கும் இடத்தில் தரையில் பிரஷ் பதித்திருப்பார்கள், அது அலங்காரத்துக்கு இல்லை, ஷூ அடியில் ஒட்டிய களை விதையைத் தேய்த்துவிட்டுப் போக. விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாதீர்கள், பூச்சி கூடவே வரும். கரையில் கிடக்கும் கூழாங்கல்லைப் பிள்ளைகள் பையில் போட்டால் எடுத்துத் திரும்பப் போடுங்கள். ஐல் ராயலுக்கு நாய் கூடாது, படகுக்குள்ளேயே இருக்கும் என்றாலும் கூடாது: 1980-இல் 50 இருந்த ஓநாய்கள் நாய் வழியாக வந்த பார்வோ வைரஸால் இரண்டே வருடத்தில் 14 ஆகிவிட்டன. அங்கே குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் அல்லது 0.4 மைக்ரான் வடிகட்டியில் வடியுங்கள், நாடாப்புழு முட்டையைத் தண்ணீரில் போடும் சுத்திகரிப்பு மாத்திரை கொல்லாது. நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை தீவு மூடியிருக்கும், அந்த மாதங்களில்தான் மேலே சொன்ன மின்னஞ்சல், விண்ணப்பம், மேட்சிங் படிவம் மூன்றையும் உட்கார்ந்து முடிக்க வேண்டும்.