நல்லது செய்தவர்களுக்கு எப்படித் திருப்பிச் செய்வது? தாவீதிடம் கற்றுக்கொள்வோம்

நம் வீட்டுக்கு ஒருவர் பெரிய உதவி செய்துவிட்டால் ஒரு சால்வை வாங்கிப் போர்த்துகிறோம், "கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார்" என்கிறோம், அத்தோடு சரி. அது தப்பில்லை, ஆனால் போதாது. எப்படிச் செய்யவேண்டும் என்பதற்கு பைபிளில் 2 சாமுவேல் புத்தகம் 2-ம் அதிகாரத்தில் 4 முதல் 7 வரையுள்ள வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள்.

கில்போவா மலையில் நடந்த போரில் இஸ்ரவேல் ராஜா சவுல் செத்ததும் எதிரிகளான பெலிஸ்தர் அவர் தலையை வெட்டி, உடலைப் பெத்சான் ஊர் மதிலில் தொங்கவிட்டார்கள். யோர்தானுக்கு அந்தப்பக்கம் இருந்த கீலேயாத்தின் யாபேஸ் ஊர்க்காரர்கள் அதைக் கேள்விப்பட்டு, இராமுழுக்க நடந்து போய், எதிரியின் மதிலிலிருந்தே அவர் உடலையும் பிள்ளைகளின் உடல்களையும் இறக்கிக் கொண்டுவந்து, தகனம்பண்ணி, எலும்புகளை ஒரு மரத்தடியில் அடக்கம் செய்து, 7 நாள் உபவாசம் இருந்தார்கள். முன்பு அம்மோனியன் நாகாஸ் அவர்கள் எல்லாருடைய வலது கண்ணையும் பிடுங்குவேன் என்று மிரட்டியபோது காப்பாற்றியவர் சவுல்தான். அந்த நன்றி. செத்தவர் திருப்பித் தரப்போவதில்லை. அதனால்தான் இறந்தவருக்குச் செய்வதை யூதர்கள் 'ஹெசெத் ஷெல் எமெத்', அதாவது உண்மையான தயவு, என்கிறார்கள்.

இப்போது சவுலுக்குப் பிறகு ராஜாவான தாவீது செய்ததைப் பாருங்கள். சவுல் அவரை வருஷக்கணக்காகத் துரத்திக் கொல்லப் பார்த்தவர். அப்படியிருந்தும் சவுலுக்குச் செய்த நன்மையைத் தாவீது தனக்குச் செய்ததுபோல எடுத்துக்கொண்டார். ஆகவே முதலில், நமக்கு ஆகாதவருக்குச் செய்த உதவி என்று ஒதுக்காதீர்கள், செயலைப் பாருங்கள். அப்புறம், செய்தது என்ன என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். "எல்லாத்துக்கும் நன்றி" வேண்டாம். நீங்கள் அடக்கம் செய்தீர்களே என்று தாவீது சொல்லி அனுப்பினார்.

அடுத்ததுதான் முக்கியம். கர்த்தர் உங்களுக்குக் கிருபையும் உண்மையும் காட்டட்டும் என்று வாழ்த்திவிட்டு அவர் நிறுத்தவில்லை, நானும் அப்படியே செய்வேன் என்றார். இந்த 'நானும்' இல்லாமல் ஆசீர்வாதம் சொல்வது, நம் கடனைக் கடவுள் தலையில் கட்டிவிட்டுக் கழன்றுகொள்வதுதான். கிருபை ஒரு நாளில் காட்டிவிடலாம். உண்மைக்கு நாள் பிடிக்கும். அதற்குரிய எபிரெயச் சொல்லான 'எமெத்'தும் நாம் சொல்லும் 'ஆமென்'னும் ஒரே வேரில் பிறந்தவை, உறுதியாக நிற்பது என்ற பொருளில். ஆகவே உதவியவரை மறுபடி போய்ப் பார்க்க, ஒரு வருஷம் கழித்து வரும் தேதி ஒன்றை இப்போதே போனில் குறித்துவையுங்கள்.

என்ன கொடுப்பது என்று குழம்பினால் பர்சிலாவின் கதைக்குப் போங்கள். தன்னை எதிர்த்துக் கலகம் செய்த மகன் அப்சலோமுக்குத் தப்பி ஓடிய தாவீதுக்கும் கூட இருந்தவர்களுக்கும் படுக்கை, கோதுமை, பயறு, தேன் என்று கொண்டுவந்து கொடுத்தவர்களில் ஒருவர், 80 வயதுக் கிழவர். எருசலேமுக்கு வாருங்கள், நான் பராமரிக்கிறேன் என்று தாவீது கூப்பிட்டபோது, சாப்பாட்டின் ருசிகூடத் தெரியாத வயதில் நான் எதற்கு, எனக்குப் பதிலாக கிம்காமை (அவருடைய மகன் என்று கருதப்படுபவர்) அழைத்துப் போங்கள் என்றார். தாவீது வற்புறுத்தவில்லை, உன் பார்வைக்கு நலமானதை அவனுக்குச் செய்வேன் என்றார். சாகும்போதும் பர்சிலாவின் பிள்ளைகளை உன் பந்தியில் வைத்துக்கொள் என்று தன் மகன் சாலொமோனிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

எங்கள் அப்பா இறந்த ராத்திரி எதிர்வீட்டு அண்ணன்தான் ஐஸ் பெட்டிக்கு அலைந்தார், விடியும்வரை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி வாடகையையும் அவரே கொடுத்திருந்தார் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். பணத்தை நீட்டினேன், "அதெல்லாம் வேண்டாம்ப்பா" என்று கையைத் தள்ளிவிட்டார். சரி, வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அண்ணிதான், மகளுக்கு நர்சிங் காலேஜ் விண்ணப்பம் போடத் தெரியாமல் நிற்கிறாள் என்றார். அன்று உட்கார்ந்து பூர்த்தி செய்தோம். இப்போது அவள் மூன்றாம் வருஷம். ஒவ்வொரு வருஷமும் உதவித்தொகை விண்ணப்பத்துக்கான கடைசித் தேதிக்கு முன்னால் என் போன் மணி அடிக்கும், நான் எதிர்வீட்டுக்குப் போவேன்.