ஒரே நிறத்தில் ஓர் ஐகான்: உயர் மாறுபாட்டுக்கு வரைவது எப்படி?

பெரியப்பாவுக்குக் கண்புரை முற்றியபோது அவர் கணினியில் உயர் மாறுபாட்டை, அதாவது எழுத்தையும் பின்னணியையும் நன்றாகப் பிரித்துக் காட்டும் அமைப்பை, இயக்கிக் கொடுத்தேன். எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. நான் எழுதிய அஞ்சல் மென்பொருளில் மட்டும் வெளிர் மஞ்சள் உறை ஐகான்கள் வெள்ளைப் பின்னணியில் கரைந்து கிடந்தன. "இதுல எதுடா அனுப்புறது?" என்று கேட்டார். அன்றிரவே எல்லா ஐகான்களையும் திரும்ப வரையத் தொடங்கினேன்.

வெள்ளையில் சுத்த மஞ்சளின் மாறுபாடு ஏறக்குறைய 1.07:1. பொருள் உணர்த்தும் ஐகானுக்குக் குறைந்தது 3:1 வேண்டும் என்கிறது 2018இல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 என்ற இணைய அணுகல் வழிகாட்டி. கறுப்பும் வெள்ளையும் சேர்ந்தால் 21:1.

லினக்ஸில் பயன்படும் க்னோம் மேசைத்தளத்தில் இதற்கு நல்ல வழி, சிம்பாலிக் ஐகான். நீங்கள் உருவத்தை மட்டும் வரைந்தால் போதும். பக்கத்து எழுத்து எந்த நிறமோ அதே நிறத்தை, க்னோமின் சாளரங்களையும் பொத்தான்களையும் வரையும் மென்பொருள் தொகுப்பான ஜிடிகே அதற்குப் பூசிவிடும்.

படி 1: இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் 16×16 பிக்சல் பக்கம் ஒன்றைத் திறந்து, கட்டக்கோடுகளை இயக்குங்கள்.

படி 2: உருவத்தை ஒரே நிறத்தில் வரையுங்கள். பழைய வண்ணப் படத்தைச் சுருக்கிக் கறுப்பாக்குவது உதவாது; அது ஏன் என்று உறையை வைத்தே பார்க்கலாம். மஞ்சள் செவ்வகத்தின் மேல் வெள்ளைக் கோட்டால் மடிப்பு வரைந்திருப்போம். ஜிடிகே நிறம் பூசும்போது அந்த வெள்ளையும் கறுப்பாகும். மிஞ்சுவது வெறும் கட்டம்தான். எனவே மடிப்பு, செவ்வகத்தில் வெட்டிய இடைவெளியாக இருக்க வேண்டும். கோட்டைத் தேர்ந்தெடுத்து, பாதை மெனுவில் கோட்டைப் பாதையாக்கும் கட்டளையைக் கொடுங்கள் (கன்ட்ரோல், ஆல்ட், சி). பிறகு செவ்வகத்தையும் சேர்த்துத் தேர்ந்து கன்ட்ரோலும் கழித்தல் குறியும் அழுத்தினால், மேலே இருப்பது கீழே இருப்பதை வெட்டிவிடும். இடைவெளி ஒரு பிக்சலுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

மற்ற கோடுகளையும் இப்படியே பாதையாக்கிவிடுங்கள். ஜிடிகே 3 நிரப்பு நிறத்தைத்தான் மாற்றும், கோட்டின் நிறத்தைத் தொடாது. விட்டுவைத்த கறுப்புக் கோடு கரும்பின்னணியில் காணாமல் போகும்.

படி 3: எஸ்விஜி என்ற திசையன் பட வடிவில் சேமியுங்கள். கோப்பின் பெயர், எஸ்விஜி நீட்சிக்கு முன், ஒரு சிறுகோட்டுடனும் சிம்பாலிக் என்ற சொல்லுடனும் முடிய வேண்டும், ஆங்கிலச் சிற்றெழுத்தில். இந்த ஒட்டு இல்லையென்றால் ஜிடிகே நிறம் மாற்றாது. நான் அரை நாள் தேடியது இந்தப் பிழையைத்தான்.

படி 4: ஐகான்களுக்கான பொதுக் கோப்புறையான ஹைகலரில் சிம்பாலிக், அதற்குள் ஆக்‌ஷன்ஸ் என்ற இடத்தில் கோப்பை வைத்து, ஐகான் கேச்சை, அதாவது கணினி சேமித்து வைத்திருக்கும் ஐகான் பட்டியலை, புதுப்பியுங்கள். நிரலில் பழைய பெயருக்குப் பதில் புதுப் பெயர்.

படி 5: அமைப்புகளில் அணுகல் வசதிகளுக்குப் போய் உயர் மாறுபாட்டை இயக்குங்கள். அடுத்து இருண்ட தோற்றத்துக்கும் மாற்றிப் பாருங்கள். திரையை விட்டு நாலடி தள்ளி நின்று, ஒவ்வோர் ஐகானும் என்னவென்று சொல்ல முடிகிறதா பாருங்கள். என் வரைவில் 'பதிலளி'யும் 'முன்னனுப்பு'வும் ஒன்றுபோலவே தெரிந்தன. அம்புகளைத் தடிப்பாக்கி, அவற்றின் திசை பளிச்சென்று தெரியும்படி மறுபடி வரைந்தேன்.